விலகியதற்கான காரணம்

மார்கழி மழை விட்ட மூன்றாம் நாள் மீனாம்பிகை பூவரசந்துறைக்குப் போனார். உரும்பிராயிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, தான் பதில் அதிபராக இருக்கும் நாவலங்கலட்டிப் பாடசாலையைத் தாண்டி, தார் போடாத ஒழுங்கையில் இறங்கி, வெள்ளம் நின்ற இடங்களில் காலை ஊன்றி ஊன்றிப் போகவேண்டியிருந்தது. பாடசாலையிலிருந்து துறைக்கு எண்ணூறு மீற்றர். கலட்டியில் ஏழு வருடமாகப் படிப்பிக்கும் அவர் அந்த ஒழுங்கையில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

இறங்கவேண்டிய தேவை வந்திருந்தது. கலட்டிப் பாடசாலையில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை முப்பத்தொரு பிள்ளைகள்தான் இருந்தார்கள். துறையில் இருந்த மற்றப் பாடசாலையில், அதே தரங்களில், நாற்பது பேர். ஐம்பதுக்குக் குறைந்த பாடசாலைகளை இனிக் கொண்டுநடத்த முடியாது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் உதவிப் பணிப்பாளர் கேதீஸ்வரன் அதிபர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கார்த்திகைப் புயலில் துறைப் பாடசாலையின் கூரையும் போய்விட்டது. இரண்டையும் கலட்டிக் கட்டடத்தில் ஒன்றாக்கினால் எழுபத்தொன்று. யூன் முதலாம் திகதி தொகைமதிப்பு. அன்றைக்கு இடாப்பில் ஐம்பது பெயர் இருந்தால் பாடசாலை தப்பும். இல்லாவிட்டால் மூடிவிட்டு, பிள்ளைகளைப் பண்டத்தரிப்புப் பக்கத்தில் இருக்கும் பெரிய பாடசாலைக்குப் போகச் சொல்வார்கள். அது ஐந்தரைக் கிலோமீற்றர். அங்கே ஒரு வகுப்பில் நாற்பத்தைந்து பேர். துறையிலிருந்து அந்தப் பக்கம் காலையில் பஸ் கிடையாது.

எண்ணூறு மீற்றருக்குள் இரண்டு பாடசாலைகள் எதற்கு என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். ஊரில் யாரும் கேட்பதில்லை. கலட்டியில் இருப்பவர்கள் தோட்டக்காரர். துறையில் இருப்பவர்கள் கடற்றொழிலாளர். ஒரு காலத்தில் கலட்டிப் பாடசாலையில் துறைப் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள். அதனால் துறையில் வேறாக ஒன்று கட்டப்பட்டது. பிறகு சட்டம் மாறியது. யுத்தம் வந்தது. இரண்டு பக்கத்தாரும் ஒரே முகாமில் ஒரே வரிசையில் நின்று சோறு வாங்கினார்கள். திரும்பி வந்ததும் அவரவர் தங்கள் தங்கள் பாடசாலையைத்தான் துப்புரவாக்கினார்கள்.

கலட்டிப் பாடசாலையில் ஒருகாலம் நானூற்றிருபது பிள்ளைகள் படித்ததாகப் பழைய இடாப்புகள் சொல்கின்றன. பாதிக் குடும்பங்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டன. இருந்தவர்கள் ஒரு பிள்ளையோடோ இரண்டு பிள்ளையோடோ நிறுத்தினார்கள். வசதியுள்ளவர்கள் அந்த ஒன்றையும் இரண்டையும் வாடகை வானில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். போனவர்கள் அனுப்பிய பணத்தில் பதினான்கு வகுப்பறைகளோடு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. ஒவ்வொரு அறை வாசலிலும் யாரோ ஒருவரின் தகப்பன் பெயர் கல்லில் வெட்டியிருந்தது. உள்ளே ஐந்து பிள்ளை, எட்டுப் பிள்ளை.

துறையில் மீனாம்பிகை முதலில் போன வீடு கீர்த்திகாவுடையது. முப்பத்தாறு வயது, புருசன் வாகீசன் கடலுக்குப் போகிறவர், மாதர் சங்கத்துக்குச் செயலாளர். அவருடைய மகள் ஆரபி தை மாதம் ஏழாம் தரத்துக்கு வரவேண்டியவள். கீர்த்திகா சம்மதித்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று மீனாம்பிகைக்குச் சொல்லியிருந்தார்கள். கூட்ட அறிக்கைக் கொப்பியை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்த கீர்த்திகா, அதை மூடாமலே எல்லாவற்றையும் கேட்டார்.

"ரீச்சர், என்ரை அப்பாவுக்கு உங்கடை பள்ளிக்கூடத்திலை என்ன நடந்ததெண்டு தெரியுமோ?" என்று கேட்டார் கடைசியில்.

மீனாம்பிகைக்குத் தெரியாது.

"விளையாட்டுப் போட்டி பாக்கப் போனவர். சின்னப் பெடியன். தண்ணி விடாய்ச்சுக் கிணத்துக் கட்டிலை ஏறினவர். இறக்கிவிட்டிட்டினம். அடிக்கேல்லை, பேசேல்லை, இறக்கினது மட்டும்தான். ஆனா சாகும்வரைக்கும் அவர் அந்தப் படலைக்கு முன்னாலை போகேல்லை. பண்டத்தரிப்புக்குப் போறதெண்டாலும் சுத்தித்தான் போவார்."

"அது அந்தக் காலம், பிள்ளை."

"ஓம், ரீச்சர். நான் இந்தக் காலத்தைத்தான் கேக்கிறன். எங்கடை பிள்ளையளைப் பிறிம்பா வைக்கமாட்டியளோ?"

"ஒரே வகுப்பு, ஒரே வாங்கு," என்றார் மீனாம்பிகை. "என்ரை சொல்லை நம்பி வரச்சொல்லுங்கோ."

கீர்த்திகா சிரித்துவிட்டுத் தேநீர் போட எழும்பினார். மீனாம்பிகை வேண்டாம் என்று சொல்லவில்லை. கோப்பை காலியாகிக் கீழே வைக்கப்படும்வரை கீர்த்திகாவின் கண் அதிலிருந்து எடுபடவில்லை. பிறகு எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, மீனாம்பிகையோடு கூடவே அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் வந்தார். பொழுது சாய்வதற்குள் நாற்பது பிள்ளைகளின் பெற்றோரும் சம்மதித்திருந்தார்கள்.

தை மாதம் பாடசாலை தொடங்கியது. ஆறாம் தரத்தில் பதினைந்து, ஏழில் இருபத்தொன்று, எட்டில் பத்தொன்பது, ஒன்பதில் பதினாறு. மீனாம்பிகை தன் சொல்லைக் காப்பாற்றினார். யார் எங்கே இருப்பது என்று தானே நின்று பார்த்து, வாங்குக்கு ஒரு கலட்டிப் பிள்ளை, ஒரு துறைப் பிள்ளை என்று இருத்தினார். ஏழாம் தரத்தில் ஆரபிக்குப் பக்கத்தில் கலட்டியைச் சேர்ந்த சுவர்ணா இருந்தாள். முதல் இரண்டு நாளும் இருவரும் வாங்கின் இரண்டு நுனியில். மூன்றாம் நாள் நடுவில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி வந்தது. ஐந்தாம் நாள் சத்தம் தாங்கமுடியாமல் கணித ஆசிரியர் பிரகலாதன் இருவரையும் எழுப்பி நிற்கவைத்தார். இருபத்தெட்டு வயது, முதல் நியமனம், யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். "இவ்வளவு நாளும் சுவருக்குப் படிப்பிச்சமாதிரி இருந்தது, மிஸ். இப்பதான் வகுப்பு மாதிரி இருக்கு," என்றார்.

இரண்டாவது கிழமை செவ்வாய்க்கிழமை தியாகலிங்கம் வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கலட்டிப் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். கோயில் நிர்வாகத்திலும் இருப்பவர். அவரோடு வேறு மூன்று பேர். நால்வரும் கதிரைகளில் இருந்து, புயலைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைத்தார்கள். பிறகு பிள்ளைகளின் தராதரத்தைப் பற்றிக் கதைத்தார்கள். ஒரே வகுப்பில் வேறு வேறு தராதரம் இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் கரைச்சல் என்றார்கள். சாதி என்ற சொல்லை நால்வரில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. துறை என்றுகூடச் சொல்லவில்லை. "அங்காலைப் பிள்ளையள்" என்றார்கள்.

"நாங்கள் ஒருத்தரையும் வேண்டாமெண்டு சொல்லேல்லை, ரீச்சர்," என்றார் தியாகலிங்கம். "ஆனா பிள்ளையள் பழகிறதுக்கு ஒரு காலம் வேணும்."

"எவ்வளவு காலம், அண்ணை?"

"அதை நாங்கள் சொல்லேலுமே." எழும்பும்போது, வேறு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, வான்காரன் தினமும் வந்து கேட்கிறான் என்றார். முப்பது பிள்ளைகள் வந்தால் இரண்டு வான் விட ஆயத்தமாம். பெயர்கூட எழுதியாயிற்றாம். அதைச் சிரித்துக்கொண்டு, ஊர்ப் புதினம் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர்கள் போனபின் மீனாம்பிகை ஒரு துண்டுக் கடதாசியில் எழுபத்தொன்றிலிருந்து முப்பத்தொன்றைக் கழித்துப் பார்த்தார். மனதால் செய்யக்கூடிய கணக்குத்தான். எழுதிப் பார்த்தாலும் நாற்பதுதான் வந்தது. பத்துப் பிள்ளை குறைவு.

அவர் கண்ட வழி, முப்பது வருட ஆசிரியத் தொழிலில் பழகிய வழி: பரீட்சை. எல்லாத் தரங்களுக்கும் தமிழிலும் கணிதத்திலும் ஒரு தரமறி பரீட்சை வைப்பது. புள்ளியின்படி ஒவ்வொரு தரத்தையும் ஏ, பி என்று இரண்டாகப் பிரிப்பது. புள்ளி பிரித்தால் யாரும் யாரையும் குறை சொல்லமுடியாது. அறைகள் இருந்தன. ஆசிரியர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். சிறிய வகுப்பு பிள்ளைகளுக்கும் நல்லதுதானே என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார்.

"பத்துப் பிள்ளைக்கு ஒரு வகுப்பு. கொழும்பிலை உதுக்கு லட்சக்கணக்கிலை கட்டிப் படிக்கினம், மிஸ்," என்றார் பிரகலாதன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பரீட்சை நடந்தது. புள்ளிகள் வந்தன. ஏழாம் தரத்தில் முதலாவது ஆரபி, தொண்ணூற்றிரண்டு. மற்றத் தரங்களிலும் முதல் பாதியில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஏறக்குறையச் சரிபாதி. கலட்டிப் பெற்றோர் சொன்ன தராதரம் எந்தத் தாளிலும் அகப்படவில்லை. புள்ளியின்படி பிரித்தால் ஏ வகுப்பும் கலப்பு, பி வகுப்பும் கலப்பு. தியாகலிங்கம் கேட்டது அதுவல்ல.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், உரும்பிராயில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து மீனாம்பிகை பட்டியலைத் திரும்ப எழுதினார். ஏ வகுப்புகளில் கலட்டிப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். பி வகுப்புகளில் துறைப் பிள்ளைகள் நாற்பது பேர். யூன் முதலாம் திகதி வரைக்கும்தான் என்று தனக்குச் சொன்னார். தொகைமதிப்பு முடிந்ததும் ஒரு காரணம் சொல்லி எல்லோரையும் சேர்த்துவிடலாம். அதற்குள் பிள்ளைகளும் பழகிவிடுவார்கள். பிரித்துவைத்தால் எப்படிப் பழகுவார்கள் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியதை அவர் கவனிக்கவில்லை.

அவருடைய கையெழுத்து வலயத்தில் பெயர்பெற்றது. பரிசளிப்பு விழாக்களுக்குச் சான்றிதழ் எழுத மற்றப் பாடசாலைகளும் அவரைத்தான் கேட்கும். திங்கட்கிழமை காலை விளம்பரப் பலகையில், அந்த வடிவான எழுத்தில், "தரமறி பரீட்சைப் புள்ளிகளின் அடிப்படையில்" என்ற தலைப்போடு பட்டியல் ஒட்டப்பட்டது. புள்ளிகள் போடப்படவில்லை. ஆரபி தன் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். சுவர்ணா வாங்கின் நுனியிலேயே இருந்தாள்.

துறையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சோதனை வைத்தால் சிலர் மேலே, சிலர் கீழே என்பது அவர்களுக்குப் புதிதல்ல. தங்கள் பிள்ளைகள் கீழே என்றால் அதுவும் புதிதல்ல.

வியாழக்கிழமை பிரகலாதன் விடைத்தாள் கட்டோடு அதிபர் அறைக்கு வந்தார்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பரீட்சையானாலும் திருத்திய விடைத்தாள் வீட்டுக்குப் போய், பெற்றோரின் கையொப்பத்தோடு திரும்பிவரவேண்டும். கையொப்பம் இல்லாத தாள் பரீட்சையே அல்ல. மீனாம்பிகை அதில் மிகவும் கண்டிப்பு. முப்பது வருடத்தில் அவரிடமிருந்து ஒரு தாளும் கையொப்பம் இல்லாமல் தப்பியதில்லை.

"மிஸ், இதுகளையும் கையெழுத்துக்கு அனுப்பவேணுமோ?"

"என்ன கேள்வி, தம்பி? ரெண்டு நாள் முந்தியே அனுப்பியிருக்கவேணும்."

பிரகலாதன் கட்டை மேசையில் வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. "இல்லை மிஸ். புள்ளி தெரிஞ்சிடும்."

"அவையள் எங்கை உதுகளைப் பாக்கப்போகினம்," என்றார் மீனாம்பிகை, வரவு இடாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "காட்டின இடத்திலை கையெழுத்தை வைச்சுத் தந்துவிடுவினம்."

பிரகலாதன் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். தாள்கள் அன்றைக்கே வீடுகளுக்குப் போயின.

வெள்ளிக்கிழமை கலட்டிப் பிள்ளைகளின் முப்பத்தொரு தாள்களும் கையொப்பத்தோடு திரும்பின. துறைப் பிள்ளைகளின் தாள் ஒன்றுகூட வரவில்லை. மீனாம்பிகை காலைக் கூட்டத்தில் அதைச் சொல்லிக் கண்டித்தார். திங்கட்கிழமை ஒருவரும் தவறக்கூடாது என்றார்.

திங்கட்கிழமை தாள்கள் வந்தன. பிள்ளைகள் கொண்டுவரவில்லை. கீர்த்திகா கொண்டுவந்தார். கூடவே துறைக் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் சீவரத்தினம், அறுபது வயதுக்காரர், வெள்ளைச் சேட்டைப் பொத்தான் பூட்டிப் போட்டுக்கொண்டு. கீர்த்திகா கதிரையில் இருந்து, நாற்பது தாள்களையும் தரம் தரமாக அடுக்கி மேசையில் வைத்தார். மேலே அறிக்கைக் கொப்பி. றூல்தடி வைத்துக் கோடு போட்டு, பெயர், தரம், புள்ளி, வகுப்பு என்று நான்கு நிரல்கள்.

"எல்லாத்திலையும் கையெழுத்து இருக்கு, ரீச்சர். எண்ணிப் பாருங்கோ."

மீனாம்பிகை எண்ணவில்லை.

"ஆரபிக்குத் தொண்ணூற்றிரண்டு. பி. சுவர்ணாவுக்கு நாற்பத்தொண்டு. ஏ. அந்தப் பிள்ளையைப் பேசாதேங்கோ, அவள் நல்ல பிள்ளை, தன்ரை புள்ளியை ஒளிக்கேல்லை." கீர்த்திகா குரலை உயர்த்தவில்லை. "நான் கணக்கிலை அவ்வளவு கெட்டிக்காரியில்லை. இப்ப பள்ளிக்கூடங்களிலை எண்ணுறது கீழை இருந்து மேலையோ, ரீச்சர்?"

"ஏலத்திலை நாங்கள் பெரிய மீனைத்தான் பிறிம்பா எடுத்து வைக்கிறது," என்றார் சீவரத்தினம் யன்னலைப் பார்த்துக்கொண்டு. "இஞ்சை நாற்றத்தை வைச்சுப் பிரிச்சிருக்கினம்போலை."

மீனாம்பிகைக்கு வியாழக்கிழமை தான் சொன்ன வார்த்தைகள் அந்த நேரத்தில்தான் காதில் விழுந்தன. மடியில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வந்து சொன்ன வார்த்தைகள். பட்டியலை இன்றைக்கே மாற்றுகிறேன் என்றார். எல்லோரையும் பழையபடி ஒரே வகுப்பில் விடுகிறேன் என்றார்.

"மாத்தினால் அவையள் போயிடுவினம்," என்றார் கீர்த்திகா. "அதுக்குப் பயந்துதானே மாத்தி எழுதினனீங்கள்."

அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. கணக்கும் விளங்கியிருந்தது. மீனாம்பிகை ஐம்பதையும் யூன் மாதத்தையும் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அவர்களின் வாசலுக்கே போய், யூன் வரைக்கும் பொறுப்பீர்களா என்று கேட்டிருந்தால் துறைச் சனம் என்ன சொல்லியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம் என்பது மட்டும் தெரிந்தது.

சீவரத்தினம் சேட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையை விட்டு விலக விடுகைப் பத்திரம் வேண்டும் என்ற விண்ணப்பம். பெரிய பாடசாலையில் கதைத்தாயிற்று, சங்கம் இரண்டு ஓட்டோக்களை ஒழுங்குசெய்கிறது, இரண்டு தடவையாக இடுக்கிக்கொண்டு போகட்டும். அந்த இருபத்தெட்டில் ஆரபியின் பெயர் இல்லை.

மீனாம்பிகை அன்றைக்கே பலகையிலிருந்து பட்டியலைக் கிழித்தார். செவ்வாய்க்கிழமை எல்லாத் தரங்களும் ஒரே அறைகளில் இருந்தன. மூன்று நாள் பொறுத்து, காலை ஆறேமுக்காலுக்கு, கலட்டிச் சந்தியில் இரண்டு வான்கள் வந்து நின்றன. தியாகலிங்கம் அதன்பிறகு பாடசாலைக்கு வரவில்லை. கோயிலில் கண்டபோது, மிகுந்த மனவருத்தத்தோடு, பாடசாலை இப்படிப் போய்விட்டதே என்றார். அதை அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று மீனாம்பிகைக்குப் பட்டது.

வானுக்குக் கட்ட வசதியில்லாத ஒன்பது கலட்டிப் பிள்ளைகள் மிஞ்சினார்கள். ஓட்டோவில் இடமில்லாத பதினொருவரும் ஆரபியுமாகப் பன்னிரண்டு துறைப் பிள்ளைகள் மிஞ்சினார்கள். சுவர்ணா வானில் போனாள்.

விடுகைப் பத்திரத்தை அதிபர்தான் தன் கையால் நிரப்பவேண்டும். பெயர், பிறந்த திகதி, சேர்ந்த திகதி, படித்த தரம், நடத்தை. கடைசி நிரல், விலகியதற்கான காரணம். மீனாம்பிகை எல்லாவற்றிலும் ஒரே இரண்டு சொற்களை எழுதினார்: பெற்றோர் விருப்பம். கலட்டிப் பிள்ளைகளுக்கும் அதே, துறைப் பிள்ளைகளுக்கும் அதே. இரண்டு பக்கத்தாரையும் அவரால் வித்தியாசமில்லாமல் நடத்தமுடிந்தது அந்த நிரலில்தான். மாசி முடிவில் விடுகைப் பத்திரப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண்ணியபோது ஐம்பது இருந்தன.

பங்குனியில் வலயத்திலிருந்து கடிதம் வந்தது. இருபத்தொரு பிள்ளைகளுக்கு ஒன்பது ஆசிரியர்கள் மேலதிகம். ஐந்து பேர் மாற்றப்பட்டார்கள். பிரகலாதன் தீவுப்பக்கம் போகவேண்டியிருந்தது. கடைசி நாள் அவர் கணித அறையைப் பூட்டி, திறப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

"அண்டைக்கு நான் அந்தக் கட்டை அனுப்பாமல் விட்டிருக்கலாம், மிஸ்."

மீனாம்பிகை அதைப் பற்றி யோசித்துப் பார்த்திருந்தார். தாள் போகாமல் இருந்தால் பட்டியல் பலகையில் இருந்திருக்கும். பிள்ளைகள் எழுபத்தொரு பேரும் இருந்திருப்பார்கள். ஆரபி பி வகுப்பில், தான் கீழே என்று நம்பிக்கொண்டு இருந்திருப்பாள். "நீர் உம்முடைய வேலையைத்தான் செய்தனீர்," என்று மட்டும் சொன்னார்.

ஆசிரியர்கள் போனபின் இன்னும் நான்கு பிள்ளைகள் விலகினார்கள். ஏழாம் தரத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். பதினான்கு வாங்குகள் உள்ள அறையில் அவர்கள் முன்வரிசையில் ஒரே வாங்கில் இருந்தார்கள். கணிதத்துக்கு ஆள் இல்லை. மீனாம்பிகை சமயமும் தமிழும் படிப்பித்தவர். கணிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தன்னால் இயன்றதைச் செய்தார். சித்திரை விடுமுறைக்குப் பிறகு ஒரு நாள் பின்னக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் போட்டுப் பாதியில் நின்றார். ஆரபி எழும்பிவந்து, வெண்கட்டியை வாங்கி, மிச்சத்தைச் செய்தாள். மரியாதையாகத்தான் செய்தாள். மற்ற இருவரும் குனிந்துகொண்டார்கள்.

கீர்த்திகா ஏன் ஆரபியை இன்னும் வைத்திருக்கிறார் என்று துறையில் கேட்டார்களாம். மார்கழியில் வீடு வீடாகப் போய் எல்லோரையும் வரச்சொன்னது தான்தானே, முதலில் வெளிக்கிட்டால் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றாராம். போகக்கூடியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்று சொன்னபோது, அப்படியென்றால் கடைசியாகப் போவது சரி என்றாராம்.

மே மாத நடுவில் அவர் வந்தார். இந்த முறையும் குரலை உயர்த்தவில்லை. "கணக்குக்கு ஆளில்லாமல் எத்தினை நாளைக்கு, ரீச்சர்? பெரிய பள்ளிக்கூடத்திலை ஏழாம் தரத்திலை ஒரு இடம் இருக்காம். இவர் காலமை கடலாலை வந்ததும் சைக்கிளிலை கொண்டுபோய் விடுவார்."

மீனாம்பிகை படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். நடத்தை, மிக நன்று. கடைசி நிரலுக்கு வந்தபோது கீர்த்திகாவின் விரல் அந்த இடத்தில் வந்து நின்றது.

"இதிலை என்ன எழுதப்போறியள்?"

"எல்லாருக்கும் எழுதுறதுதான். பெற்றோர் விருப்பம் எண்டு."

"எங்கடை விருப்பம் இல்லையே, ரீச்சர். எங்கடை விருப்பம் இஞ்சை படிக்கிறதுதான்." விரலை எடுத்துக்கொண்டார். "உண்மையை எழுதச் சொல்லேல்லை. உங்களுக்கும் வேலை இருக்கவேணும். ஆனா எங்கடை தலையிலை போடாதேங்கோ. சும்மா விடுங்கோ."

மீனாம்பிகை பேனையைப் பிடித்தபடி இருந்தார். உண்மையை எழுதுவதற்கு அந்த நிரல் போதாது என்று நினைத்தார். பிறகு, போதும், மூன்று சொல்லுக்குள் எழுதலாம் என்றும் நினைத்தார். எழுதவில்லை. நிரலை வெறுமையாக விட்டு, கையொப்பம் வைத்து, முத்திரை குத்தி, ஆரபியின் விடைத்தாளோடு சேர்த்துக் கொடுத்தார். இடாப்பில் ஆரபியின் பெயருக்கு மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

யூன் முதலாம் திகதி உதவிப் பணிப்பாளர் கேதீஸ்வரன் நேரில் வந்தார். படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஆறில் ஐந்து, ஏழில் இரண்டு, எட்டில் ஐந்து, ஒன்பதில் நான்கு. பதினாறு. அவர் கெட்ட மனிதர் அல்ல. இப்படியான பதினொரு படிவங்கள் தன் பையில் இருப்பதாகச் சொன்னார். பதினான்கு அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கல்லில் இருந்த பெயர்களை வாசித்துக்கொண்டு படியால் இறங்கினார். கட்டடத்தை வேறு ஏதாவது திணைக்களம் கேட்கக்கூடும் என்றார்.

அடுத்த நாள் காலை கீர்த்திகா வந்தார். கையில் அந்த விடுகைப் பத்திரம். மூலையில் ஒரு துண்டுக் கடதாசி குத்தியிருந்தது: நிரல் பூர்த்தி செய்யப்படவில்லை, திருப்பி அனுப்பப்படுகிறது. பெரிய பாடசாலையில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு கிழமை கழித்துத்தான் பார்த்தார்களாம். அதற்குள் ஏழாம் தரத்தில் நாற்பத்தெட்டுப் பேராகிவிட்டது. அந்த ஒரு இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. அடுத்த தவணை வந்து பாருங்கள், படிவத்தைச் சரியாக நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்றார்களாம்.

மீனாம்பிகை உடனே இடாப்பை இழுத்துத் திறந்தார். ஆரபியை இன்றைக்கே திரும்பச் சேர்க்கலாம், அதுவரைக்கும் இங்கே இருக்கட்டும் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஆடிக்குள் கதவு பூட்டப்படப் போகிற பாடசாலையில் சேர்ப்பதைப் பற்றித்தான் கதைக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. பதினாறு என்று எழுதி நேற்றுக் கொடுத்தாயிற்று. தொகைமதிப்பு எடுத்த நாளில் அந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையின் இடாப்பிலும் இருக்கவில்லை.

"ஆரபி எங்கை இப்ப?"

"வீட்டிலை. அண்டையிலை இருந்து வீட்டிலைதான்." கீர்த்திகா பத்திரத்தை மேசையில் விரித்து, மீனாம்பிகையின் பக்கம் திருப்பிவைத்தார். "எழுதுங்கோ, ரீச்சர்."

"வேறை ஏதாவது எழுதலாம், பிள்ளை. தூரம் எண்டு, ஆசிரியர் இல்லை எண்டு..."

"பிறகு அதுக்கும் திருப்பி அனுப்புவினம். எல்லாருக்கும் எழுதினதை எழுதுங்கோ."

மீனாம்பிகை எழுதினார். கை பழக்கத்தில் எழுதியது. இரண்டு சொற்களும் நிரலின் நடுவில், மேலேயும் கீழேயும் சமமான இடைவெளி விட்டு, ஒழுங்காக விழுந்தன.

கீர்த்திகா அதை எடுத்து, மை காயும்வரை பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"உங்கடை கையெழுத்து நல்ல வடிவு, ரீச்சர்," என்றார். பிளாஸ்ரிக் உறைக்குள் அதை வைத்தார். உள்ளே, சிவப்பு மையில் தொண்ணூற்றிரண்டு போட்ட விடைத்தாள் ஏற்கெனவே இருந்தது.